ஒப்படைப்பதா, கைவிடுவதா?

கேள்வி: சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வசிக்கிறோம். பிள்ளைகள் நாய் கேட்கிறார்கள். முடியாவிட்டால் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். வாங்கலாமா?

பதில்: அந்த நினைப்போடு வாங்காதீர்கள், அம்மா. நாய் பத்துப் பதினைந்து ஆண்டு வாழும். இன்று தொடக்கப்பள்ளிக்குப் போகும் மகன் தேசிய சேவைக்குக் கிளம்பும்போதும் அதைக் காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போக ஆள் வேண்டும். வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய இனத்தில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். குட்டியின் அழகில் மயங்கிப் பெரிய இனத்தை வாங்கினால், வளர்ந்தபின் அதுதான் வீடிழக்கும். வயதான, நோயுற்ற நாயைத் தத்தெடுக்க வருவோர் சொற்பம் என்பதால், காப்பகத்தில் அது கூண்டிலேயே கிழடாகிவிடக்கூடும்.

வேலை போனால், நோய் வந்தால்கூட ஒப்படைக்கக் கூடாதா என்பீர்கள். ஒப்படைக்கலாம். அப்படிச் செய்பவரைத் திட்டுவது தவறு என்றே சொல்வேன். வெட்கத்துக்கு அஞ்சி ஒருவர் புளோக்கின் கீழ்த்தளத் தூணில் நாயை இரவோடிரவாகக் கட்டிவிட்டுப் போவது ஒப்படைப்பதைவிடக் கொடுமை. அது குற்றமும்கூட: 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. நாயின் உடலிலுள்ள மைக்ரோசிப்பைக் கொண்டு உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் உறவினரிடம் கேளுங்கள், பயிற்றுநரைப் பாருங்கள்; காப்பகம் கடைசி வழியாக இருக்கட்டும். எல்லாம் யோசித்தும் ஆசை குறையவில்லையென்றால், வீவக வீடுகளில் விதிவிலக்காகக் கலப்பின நாய்களை அனுமதிக்கும் அடோர் திட்டத்தில் தோளுயரம் 55 சென்டிமீட்டர் வரையுள்ள கலப்பின நாயைத் தத்தெடுக்கலாம்.