கேட்கும்போது மட்டும் திறக்கும் கோப்புறை

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் நாங்கள் பணிசெயல் முறைமையை ஓர் அலகாகவும் வலையமைப்பை இன்னோர் அலகாகவும் படிக்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். லினக்ஸ் சேவையகங்களில் வலையமைப்புக் கோப்பு முறைமைகளைத் தானாகவே பொருத்துவது எப்படி, அப்படிச் செய்வது ஏன் பாதுகாப்பானது என்பதே விடயம். கணினி படிக்காத வாசகர்களும் பெற்றோரும் விளங்கிக்கொள்ளும்படி இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

முப்பது கணினிகள் உள்ள ஓர் ஆய்வுகூடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவி இன்று நான்காம் இலக்கக் கணினியில் அமர்கிறாள். நாளை பதினேழாம் இலக்கக் கணினிதான் கிடைக்கிறது. எதில் அமர்ந்தாலும் அவளுடைய வேலைகள் அங்கே இருக்க வேண்டும். பென்டிரைவில் கொண்டு திரிந்தால் தொலைந்துபோகலாம், வைரஸும் பரவலாம். ஆகவே எல்லோருடைய கோப்புகளையும் ஒரே சேவையகத்தில் வைத்து, முப்பது கணினிகளும் வலையமைப்பின் வழியாக அவற்றைப் பயன்படுத்துவதே நல்ல வழி. பல்கலைக்கழகங்களும் அலுவலகங்களும் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதுதான்.

பொருத்துதல் என்றால் என்ன?

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு வன்தட்டுப் பகுதிக்கும் சி, டி என ஓர் எழுத்து உண்டு. லினக்ஸில் அப்படியில்லை. எல்லாம் ஒரே மரம். அதன் வேர் ஒரு சாய்கோட்டினால் குறிக்கப்படும். புதிய வன்தட்டு ஒன்றைச் சேர்ப்பதென்றால் அந்த மரத்தில் உள்ள ஏதாவதொரு கோப்புறையின் மீது அதனைப் பொருத்த வேண்டும். இதைத்தான் மவுண்ட் செய்தல் என்கிறார்கள். பொருத்தப்படும் கோப்புறை பொருத்துமிடம் எனப்படும்.

இங்கே ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பொருத்துமிடம் என்பது ஏற்கெனவே இருக்கின்ற சாதாரண வெற்றுக் கோப்புறைதான். பொருத்திய பிறகு அதற்குள் மற்றைய வன்தட்டின் உள்ளடக்கம் தெரியும். பொருத்தாவிட்டாலும் கோப்புறை அங்கேயே இருக்கும், பெயரும் மாறாது. முன்னர் அதற்குள் ஏதாவது எழுதப்பட்டிருந்தால் பொருத்திய பின் அது கண்ணுக்குத் தெரியாது. அழிந்துபோகவில்லை, மறைந்திருக்கிறது. பின்னால் வரப்போகும் சிக்கல் முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

வலையமைப்புக் கோப்பு முறைமை

பொருத்தப்படும் வன்தட்டு அதே கணினியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தூரத்தில் உள்ள கணினியின் கோப்புறையையும் பொருத்தலாம். இதற்காக சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டு உருவாக்கியதே என்.எஃப்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வலையமைப்புக் கோப்பு முறைமை. இதன் இரண்டாம் பதிப்பின் விபரக்குறிப்பு 1989இலும், மூன்றாம் பதிப்பினுடையது 1995இலும் இணையத் தர ஆவணங்களாக வெளியாகின. நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வந்து, 2003இல் திருத்தப்பட்டது. நான்காம் பதிப்பு 2049ஆம் இலக்கத் துறை ஒன்றின் ஊடாகவே எல்லா வேலைகளையும் முடித்துக்கொள்கிறது.

சேவையகத்தில் எக்ஸ்போர்ட்ஸ் என்றொரு கோப்பு உண்டு. எந்தக் கோப்புறையை எந்தக் கணினிகளுக்குத் திறந்துவிடுவது, வாசிக்க மட்டுமா எழுதவும் அனுமதியா என்பவற்றை அதில் எழுத வேண்டும். மறுபக்கத்தில், பயன்படுத்தும் கணினி அந்தக் கோப்புறையைத் தன் மரத்தில் பொருத்திக்கொள்ளும். அதன் பிறகு பயனருக்கு வித்தியாசம் தெரியாது. கோப்பு பக்கத்து அறையில் இருக்கிறதா, தன் கணினியிலேயே இருக்கிறதா என்று அவர் நினைத்துப் பார்ப்பதேயில்லை.

பழைய வழியும் அதன் குறையும்

பொருத்தும் கட்டளையை ஒவ்வொரு நாளும் கையால் எழுதுவது இயலாத காரியம். ஆகவே எட்சி என்ற கோப்புறையிலுள்ள எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் அதனைப் பதிவு செய்வார்கள். ஒரு வரியில் ஆறு புலங்கள் இருக்கும்: எதனைப் பொருத்துவது, எங்கே பொருத்துவது, எந்த வகைக் கோப்பு முறைமை, என்னென்ன தெரிவுகள், இறுதியில் இரண்டு இலக்கங்கள். கணினி இயங்கத் தொடங்கும்போது இந்தப் பட்டியலை வாசித்து எல்லாவற்றையும் பொருத்திவிடும்.

கணினிக்குள்ளேயே இருக்கும் வன்தட்டுக்கு இது போதும். வலையமைப்புக்கு இது போதாது. எமது நாட்டில் 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மின்சாரம் திரும்ப வந்ததும் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. பல வன்தட்டுகளைச் சரிபார்த்துவிட்டு எழும்ப வேண்டிய சேவையகத்துக்கு மற்றவற்றை விடக் கூடுதல் நேரம் எடுக்கலாம். அதற்குள் மற்றைய கணினிகள் அதனைத் தேடுகின்றன. சேவையகம் பதில் தருவதில்லை. கணினி தொடங்குவது தாமதமாகும். சில வேளை பாதி வழியில் நின்றும் விடும்.

இதைத் தவிர்க்க நோஃபெயில் என்ற தெரிவைச் சேர்ப்பார்கள். பொருத்த முடியாவிட்டாலும் பரவாயில்லை, கணினி தொடர்ந்து இயங்கட்டும் என்பது அதன் கருத்து. கணினி எழும்பிவிடும். ஆனால் பொருத்துமிடம் வெறுமையாகவே இருக்கும். பார்ப்பவருக்கு அது வழமையான கோப்புறை போலவே தோன்றும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் பிரதியெடுக்கும் நிரல் ஒன்று இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சேவையகத்துக்கு அனுப்புவதாக நினைத்து அது கோப்புகளை அந்த வெற்றுக் கோப்புறையில் எழுதுகிறது. எழுத இடம் இருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. காலையில் பதிவேட்டைப் பார்த்தால் வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றிருக்கும். ஆனால் பிரதி எடுக்கப்பட்டது அதே கணினியின் வன்தட்டில். அந்த வன்தட்டு பழுதானால் மூலமும் போய்விடும், பிரதியும் போய்விடும். பின்னர் ஒருநாள் பொருத்துதல் சரியாக நடந்தால் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துவிடும். வன்தட்டு நிறைந்திருக்கிறது என்று கணினி சொல்லும். எது நிறைத்தது என்று தேடினால் கிடைக்காது.

தானாகப் பொருத்தும் முறை

இதற்குத் தீர்வாக வந்ததே ஓட்டோமவுண்ட் எனப்படும் தானியங்கிப் பொருத்துதல். லினக்ஸில் ஓட்டோஎஃப்எஸ் என்னும் மென்பொருள் இதனைச் செய்கிறது. கணினி தொடங்கும்போது இது எதனையும் பொருத்துவதில்லை. பொருத்துமிடத்தில் ஒரு காவலாளியைப் போல நிற்கும். யாராவது அந்தக் கோப்புறைக்குள் நுழைய முயலும் கணத்திலேதான் வேலை தொடங்கும்.

நடப்பது இதுதான். ஒரு நிரல் கோப்புறையைத் திறக்கக் கேட்கிறது. பணிசெயல் முறைமையின் கருவான கேர்னல் அந்த நிரலைச் சற்று நிறுத்தி வைக்கிறது. பின்னணியில் இயங்கும் ஓட்டோமவுண்ட் நிரலுக்குத் தகவல் அனுப்புகிறது. அது தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து, உரிய சேவையகத்திலிருந்து கோப்புறையைப் பொருத்துகிறது. முடிந்ததும் கேர்னல் நிறுத்திய நிரலைத் தொடர விடுகிறது. நிரலுக்கு நடந்தது எதுவும் தெரியாது. குறித்த நேரம் வரை யாரும் பயன்படுத்தாவிட்டால் பொருத்துதல் தானாகவே கழற்றப்படும். யாராவது ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால் கழற்றப்படமாட்டாது.

நூலகத்தில் பூட்டிய அலுமாரியை நூலகர் கேட்கும்போது திறந்து தருவதையும், வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டுவதையும் இதற்கு ஒப்பிடலாம். அலுமாரியைத் திறக்க முடியாவிட்டால் நூலகர் இல்லை என்று சொல்லிவிடுவார். வெறும் தட்டைக் காட்டி ஏமாற்றமாட்டார்.

அமைக்கும் விதம்

டெபியன் லினக்ஸில் இதனை அமைப்பதற்கு இரண்டு கோப்புகள் போதும். தட்டச்சு செய்யும்போது பெயர்களையும் கட்டளைச் சொற்களையும் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். இங்கே அவற்றைத் தமிழில் தருகிறேன்.

முதலாவது, ஓட்டோ.மாஸ்டர் என்ற தலைமைக் கோப்பு. அதில் இப்படி ஒரு வரி எழுதலாம்:

/மாணவியர்   /எட்சி/ஓட்டோ.மாணவியர்   --டைம்அவுட்=300

மாணவியர் என்ற கோப்புறையைக் கவனித்துக்கொள், அதற்கான அட்டவணை இந்தக் கோப்பில் உள்ளது, 300 செக்கன்கள், அதாவது ஐந்து நிமிடம், பயன்பாடு இல்லாவிட்டால் கழற்றிவிடு என்பது இதன் பொருள்.

இரண்டாவது, அந்த அட்டவணைக் கோப்பு. அதில் ஒரே ஒரு வரி:

*   சேவையகம்:/தரவு/மாணவியர்/&

நட்சத்திரக் குறி எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். இறுதியிலுள்ள குறியின் இடத்தில் அதே பெயர் வந்து அமரும். ஸஹ்ரா என்ற பயனர் பெயருடைய மாணவி உள்ளே வந்தால் சேவையகத்திலுள்ள ஸஹ்ராவின் கோப்புறை மட்டுமே பொருத்தப்படும். ஆயிரம் மாணவியர் இருந்தாலும் ஆயிரம் வரி தேவையில்லை. புதிதாக ஒருவர் சேர்ந்தால் சேவையகத்தில் அவருக்கு ஒரு கோப்புறை திறந்தால் போதும். முப்பது கணினிகளில் எதனையும் தொட வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் ஒரு விடயம் குழப்பத்தைத் தரும். மாணவியர் என்ற கோப்புறையைப் பட்டியலிட்டுப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். பெயரைச் சொல்லி உள்ளே போனால்தான் அது தோன்றும். இது பழுதல்ல, கேட்கும்போது மட்டும் திறப்பதே இதன் இயல்பு.

ஓட்டோஎஃப்எஸ் இல்லாமலும் இதனைச் செய்யலாம். இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் உள்ள சிஸ்டம்டி என்ற முறைமைக்கு இந்த ஆற்றல் உண்டு. எஃப்எஸ்டேப் வரியின் தெரிவுகளில் எக்ஸ்-சிஸ்டம்டி.ஓட்டோமவுண்ட் என்று சேர்த்தால் அந்தக் கோப்புறையும் கேட்கும்போதே பொருத்தப்படும். ஓரிரு கோப்புறைகளுக்கு இது போதுமானது. நட்சத்திரக் குறியின் வசதி வேண்டுமென்றால் ஓட்டோஎஃப்எஸ்தான் பொருத்தம்.

செய்து பார்த்தவை

வீட்டில் நானாவின் பழைய மடிகணினிகள் இரண்டை வடத்தால் இணைத்து, ஒன்றைச் சேவையகமாகவும் மற்றதைப் பயன்படுத்தும் கணினியாகவும் வைத்து மூன்று சோதனைகள் செய்தேன்.

முதல் சோதனையில் நோஃபெயில் தெரிவுடன் எஃப்எஸ்டேப்பைப் பயன்படுத்தினேன். சேவையகத்தை நிறுத்திவிட்டு மற்றக் கணினியைத் தொடங்கினேன். கோப்பு ஒன்றை எழுதச் சொன்னதும் மறுப்பின்றி எழுதியது. கோப்பு விழுந்தது உள்ளூர் வன்தட்டில்.

இரண்டாவது சோதனையில் ஓட்டோஎஃப்எஸ் அமைத்துவிட்டு அதையே செய்தேன். சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, அப்படியொரு கோப்புறை இல்லை என்ற பிழைச்செய்தி வந்தது. கோப்பு எங்கும் எழுதப்படவில்லை. சேவையகத்தை இயக்கிவிட்டு மீண்டும் கேட்டபோது, வேறெதுவும் செய்யாமலே கோப்புறை திறந்தது.

மூன்றாவது சோதனையில் பெரிய கோப்பொன்று பிரதியாகிக்கொண்டிருக்கும்போது வடத்தைக் கழற்றினேன். பிரதியெடுப்பு அப்படியே நின்றது. வடத்தை மீண்டும் மாட்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. என்.எஃப்.எஸ்ஸின் வழமையான ஹார்ட் என்ற தெரிவு இப்படித்தான் நடக்கும்: சேவையகம் திரும்ப வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். சொஃப்ட் என்ற தெரிவோ குறித்த தடவைகள் முயன்றுவிட்டுப் பிழையைத் திருப்பித் தரும். எழுதும் வேலைகளில் இதனால் கோப்பு பழுதாகக்கூடும். ஆகவே எழுத வேண்டிய கோப்புறைகளுக்கு ஹார்ட் தெரிவே சிறந்தது.

மூன்றாவது சோதனை இன்னொன்றையும் காட்டுகிறது. பயன்பாட்டில் இருக்கும்போது சேவையகம் விழுந்தால் தானியங்கிப் பொருத்துதலாலும் உடனே உதவ முடியாது. பயன்பாட்டில் இல்லாதவை ஏற்கெனவே கழற்றப்பட்டிருப்பதால் பாதிப்பு குறையும், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, வழமையான முறையில் என்.எஃப்.எஸ். ஆட்களைப் பெயரால் அல்ல, இலக்கத்தாலேயே அடையாளம் காண்கிறது. ஒரு கணினியில் ஸஹ்ராவின் இலக்கம் 1005 ஆகவும் இன்னொன்றில் அதே இலக்கம் வேறொருவருக்கும் இருந்தால், ஒருவரின் கோப்பு மற்றவருடையதாகத் தெரியும். எல்லாக் கணினிகளிலும் இலக்கங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் தரவுகள் மறைகுறியாக்கம் இன்றியே வலையமைப்பில் செல்லும். ஆகவே நம்பிக்கையான உள்ளக வலையமைப்பில் மட்டுமே இதனைப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, பிரதியெடுக்கும் நிரல் எழுதுபவர்கள் எழுதத் தொடங்குமுன் மவுண்ட்பொயின்ட் என்ற கட்டளையால் அந்த இடம் உண்மையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு வரிதான், ஆனால் முதல் சோதனையில் கண்ட ஆபத்தை அது தடுத்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் வேலைகள் கணினியில் பாதுகாப்பாக உள்ளன என்று சொல்லப்பட்டால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அவை எந்தக் கணினியில் இருக்கின்றன? இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது, அதனைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? இதைக் கேட்பதற்குக் கணினி அறிவு தேவையில்லை.

பிறருடைய கோப்புகளைப் பொறுப்பேற்பது ஓர் அமானிதம். ஒரு மாணவியின் இரண்டு வருட உழைப்பு அந்த ஒற்றைக் கோப்புறைக்குள் இருக்கலாம். முறைமை ஒன்றை அமைப்பவர் அது நன்றாக இயங்கும் நாளை மட்டும் எண்ணினால் போதாது. இயங்காத நாளில் அது உண்மையைச் சொல்லுமா என்றும் பார்க்க வேண்டும். இல்லாததை இல்லை என்று சொல்லும் முறைமையைத்தான் நம்பலாம். கணினித் துறையில் கால்பதிக்க விரும்பும் சகோதரிகள் பழைய கணினிகள் இரண்டு கிடைத்தால் இச்சோதனைகளைத் தாங்களும் செய்து பாருங்கள். வடத்தைக் கழற்றிப் பார்க்கும் சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.