பாட்டியும் வருகிறார் என்றால் எந்தப் படம்?

ஜாலான் புசார் வட்டாரத்துக் குடும்பங்களுக்குத் திரையரங்கு ஒரு தூரமே இல்லை. கிச்சனர் சாலையில் சிட்டி ஸ்குவேர் மால், மேல்தளத்தில் கோல்டன் வில்லேஜ், கீழே இறங்கினால் ஃபேரர் பார்க் எம்ஆர்டி. எந்தப் படத்துக்குப் போவது என்பதில்தான் வீட்டுக்குள் சண்டை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் வாரக்கடைசியில் டிக்கெட் எடுத்து, பாப்கார்ன் வாங்கி, படம் விட்டதும் தேக்கா பக்கம் சாப்பிட்டுத் திரும்பினால் நூறு வெள்ளி எப்போது கரைந்தது என்றே தெரியாது. எல்லாப் படத்துக்கும் போக முடியாது. ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

இதே இடத்தில் அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. சிட்டி ஸ்குவேர் நிற்கும் மண்ணில் 1923 முதல் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா இருந்தது. படம் பிடிக்காதவர் நாடகம் பார்க்கப் போகலாம், பிள்ளைகள் ராட்டினம் சுற்றலாம், தாத்தா ஒரு மூலையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். நுழைவாயில் ஒன்றுதான், உள்ளே அவரவர் வழி. இன்று அந்த நுழைவாயில் வளைவு மட்டும் மாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலே உள்ள அரங்கிலோ நாலு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே திரையை இரண்டு மணி நேரம் பார்த்தாக வேண்டும். வரிசையில் யாரெல்லாம் உட்காரப்போகிறார்கள் என்று பார்த்துத்தான் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னோட்டத்தை நம்பி எடுத்தால் யாராவது ஒருவர் தூங்கிவிடுவார்.

2026க்கு டிஸ்னி அறிவித்திருக்கும் குடும்பப் படங்களில் நம் வீடுகளில் பேச்சு அடிபடப்போவது நான்கு. மே 22 'தி மாண்டலோரியன் அண்ட் குரோகு', ஜூன் 19 'டாய் ஸ்டோரி 5', ஜூலை 10 நடிகர்களை வைத்து எடுத்த 'மோவானா', நவம்பர் 25 'ஹெக்ஸ்ட்'. இவை அமெரிக்கத் தேதிகள். இங்கே புதுப் படம் வியாழக்கிழமை வருவது வழக்கம் என்பதால் ஒரு நாள் முன்பின் இருக்கும்.

முதலில் இந்தத் தேதிகளைப் பள்ளி நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூன் விடுமுறை மே 30ஆம் தேதி தொடங்கி ஜூன் 28 வரை. 'டாய் ஸ்டோரி' அதன் கடைசிப் பத்து நாளில் வந்து விழுகிறது. துணைப்பாட வகுப்பெல்லாம் ஓய்ந்து, பிள்ளைகள் வீட்டில் சலித்துக் கிடக்கும் நாட்கள். அந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்குப் போவது வாரக்கடைசியை விட மலிவு. மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் வாரநாள் பகல் சலுகை உண்டு, கூட்டமும் இருக்காது. 'மோவானா' வரும்போது மூன்றாம் தவணை தொடங்கியிருக்கும், ஆகவே சனி ஞாயிறை விட்டால் வழியில்லை. அது ஒரு மாதம் ஓடினால் தேசிய தின நீண்ட வாரக்கடைசி கைகொடுக்கும். ஆகஸ்ட் 9 ஞாயிறு என்பதால் திங்களும் விடுமுறை. ஆனால் விடுமுறை நாளில் டிக்கெட் விலை ஏறும், சலுகை கிடையாது.

'டாய் ஸ்டோரி 5' தொடக்கநிலைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு. என் முதல் தேர்வு இதுதான், காரணம் கதை. பானி என்ற சிறுமிக்கு எட்டு வயதாகிவிட்டது. தவளை வடிவில் லில்லிபேட் என்று ஒரு டேப்லெட் அவள் கைக்கு வருகிறது. பொம்மைகள் மூலைக்குப் போகின்றன. நம் வீடுகளில் தினமும் நடக்கும் வழக்கு இது. பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் திரை பார்க்கும் நேரத்துக்கு சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வரம்பு சொன்னது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குப் பள்ளிவேலை தவிர ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள். அதை எத்தனை வீடுகளில் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். டேப்லெட்டைத் திட்டும் படத்தைப் பெரிய திரையில் பார்ப்பதும் அந்த இரண்டு மணி நேரக் கணக்கில் சேருமா என்று ஒரு தொடக்கநிலை மூன்று பிள்ளை கேட்டால் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். 'ஃபைண்டிங் நீமோ', 'வால்-இ' இரண்டும் இவர் இயக்கியவை. மனிதர்கள் நாற்காலியோடு ஒட்டிப்போய், முகத்துக்கு நேரே திரையை மிதக்கவிட்டு வாழ்வதை 2008லேயே 'வால்-இ'யில் காட்டியவர். அதனால் இந்த டேப்லெட் விவகாரத்தை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகமாட்டார் என்று நம்புகிறேன். இம்முறை கதை கெளபாய் பொம்மை வுடியை விட ஜெஸ்ஸி என்ற பொம்மையைச் சுற்றி அதிகம் சுழல்கிறது. ஆகவே போவதற்கு முன் பழைய படங்களில் ஒன்றையாவது காட்ட வேண்டுமென்றால் 1999இல் வந்த இரண்டாம் பாகத்தைக் காட்டுங்கள். ஜெஸ்ஸியை அவளுடைய முதல் சிறுமி கைவிட்ட கதை அதில்தான் வருகிறது. ஒன்றரை மணி நேரப் படம். நான்கையும் வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால் விடுமுறையே அதில் போய்விடும்.

குறை ஒன்று உண்டு. இது பேச்சுப் படம். நகைச்சுவை வாய் ஓயாமல் வரும், ஆங்கிலத்தில் வரும், வேகமாக வரும். ஆங்கிலம் பிடிபடாத பாட்டிக்குக் கீழே ஓடும் எழுத்தும் உதவாது, இங்கே ஆங்கிலப் படங்களில் பெரும்பாலும் சீன எழுத்துதான் ஓடும். பேரன் சிரிக்கும்போது 'என்னடா சொன்னான்?' என்று கேட்டு, அவன் 'இருங்க பாட்டி, அப்புறம் சொல்றேன்' என்று சொல்லி, அடுத்த சிரிப்பும் வந்துவிடும்.

பாட்டியும் வருகிறார் என்றால் ஜூலை வரை பொறுத்து 'மோவானா'வுக்குப் போங்கள். 2016இல் வந்த கார்ட்டூனின் கதை மாறப்போவதில்லை. தீவில் மீன் அற்றுப்போகிறது, தேங்காய் கறுத்துப்போகிறது, கடல் தாண்டாதே என்று அப்பா தடுக்கிறார், போ என்று அனுப்புவது அப்பாவின் அம்மா. ஊர் சிரித்தாலும் கடற்கரையில் ஆடுகிற கிழவி, பழைய கதைகளைக் காத்துவைத்திருக்கும் கிழவி. அந்த டாலா பாட்டி பேசும் ஒரு வசனம்கூடப் புரியாவிட்டாலும் நம் பாட்டிகளுக்கு ஆளைத் தெரிந்துவிடும். கடலும் படகும் பாட்டும் மொழி கேட்பதில்லை. மோவானாவாக நடிப்பவர் கேத்தரின் லாகயா, சிட்னியில் வளர்ந்த சமோவா வம்சாவளிப் பெண். மாவியாக, கார்ட்டூனில் குரல் கொடுத்த டுவெய்ன் ஜான்சனே வருகிறார். இயக்குநர் தாமஸ் கெய்ல் பிராட்வேயில் 'ஹாமில்டன்' இசைநாடகத்தை மேடையேற்றியவர், பாட்டுக் காட்சிகளை அவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

அப்படியும் 'மோவானா'வை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? 'தி லயன் கிங்' கார்ட்டூன் 1994, மறுபதிப்பு 2019. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்திருந்தது, சின்ன வயதில் பார்த்த அப்பா பிள்ளையைக் கூட்டிப்போனார். மோவானாவுக்கோ இடைவெளி பத்தே வருஷம். போதாததற்கு 2024 நவம்பரில் கார்ட்டூனிலேயே இரண்டாம் பாகமும் வந்து நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பாட்டுகளைக் குளியலறையில் பாடிக்கொண்டிருப்பவள் என்றால் இதுவும் அவளுக்குக் கொண்டாட்டம். பத்து வயது தாண்டிய அண்ணன் இருந்தால் அவன் 'இதைத்தான் பார்த்தாச்சே' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாலர் பள்ளிப் பிள்ளையைக் கூட்டிப்போனால் எரிமலை அரக்கி டே கா வரும் இடத்தில் மடியில் தூக்கிக்கொள்ளத் தயாராக இருங்கள். கார்ட்டூனில் பயமுறுத்தாத உருவம் நிஜக் கடல் மேல் எழும்போது வேறு மாதிரி இருக்கும்.

தமிழில் கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கு. தமிழ்நாட்டு அரங்குகளுக்காக டிஸ்னி தன் பாத்திரங்களுக்கு நன்றாகவே தமிழ் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 2019 'லயன் கிங்'கில் சிம்பாவுக்கு சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த்சாமி, டிமோனுக்கு சிங்கம்புலி, பும்பாவுக்கு மறைந்த ரோபோ சங்கர். அந்தக் காட்டுப்பன்றி சென்னைத் தமிழ் பேசியபோது மூலத்தில் இல்லாத சிரிப்பு வந்தது. 'ஃப்ரோஸன் 2'இல் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல். சிங்கப்பூர் அரங்குகளில் வழக்கமாக ஓடுவது ஆங்கிலப் பதிப்பு. பாட்டிக்குத் தமிழில் காட்ட வேண்டும் என்றால் பொறுத்திருந்து ஓடிடியில் மொழிப் பட்டியலைத் திறந்து பார்ப்பதுதான் வழி. சிரிப்பை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வேலை பேரனுக்கு மிச்சம்.

'மாண்டலோரியன்' பற்றி நீட்டத் தேவையில்லை. டிஸ்னி பிளஸ்ஸில் தொடரைப் பார்த்த வீடு என்றால் நீங்களே முதல் நாள் போய்விடுவீர்கள். பார்க்காத வீடு என்றால் பச்சை நிறக் குட்டி குரோகுவின் காது அழகுக்காக ஐந்து டிக்கெட் அதிகம். இயக்குநர் ஜான் ஃபாவ்ரோ அந்த 'லயன் கிங்'கை எடுத்தவர்தான், பிள்ளைகளுக்குப் படம் எடுக்கத் தெரிந்தவர். ஆனாலும் துப்பாக்கியும் சண்டையும்தான் படத்தின் உயிர், ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம்.

டிஸ்னிக்கு வெளியே ஒரு போட்டியும் இருக்கிறது. யுனிவர்சலின் 'மினியன்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' ஜூலை 1 வருகிறது. மினியன்கள் பேசுவது உலகத்தில் யாருக்கும் புரியாத மொழி, ஆகவே பாட்டியும் பேரனும் சமநிலையில் உட்காரலாம்! மோவானாவைக் கார்ட்டூனில் அலுக்க அலுக்கப் பார்த்துவிட்ட வீட்டுக்கு இதுவே மாற்று.

எதற்கும் போகாமல் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்பவர்களும் உண்டு, அது கஞ்சத்தனமில்லை. டிஸ்னி படம் அரங்கிலிருந்து டிஸ்னி பிளஸ்ஸுக்கு வர ஏறத்தாழ நூறு நாள் ஆகிறது. 'இன்சைட் அவுட் 2' 2024 ஜூன் நடுவில் வெளியாகி செப்டம்பர் 25 அங்கே வந்தது, 'மோவானா 2' நவம்பர் கடைசியில் வெளியாகி மார்ச் 12. அதே நடை தொடர்ந்தால் 'டாய் ஸ்டோரி 5' செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வீட்டுத் திரையில் இருக்கும், 'மோவானா' அக்டோபர் வாக்கில். தொடக்கநிலை ஆறில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது நல்ல கணக்கு. பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு முடிந்த கையோடு பார்க்க ஒன்று கிடைக்கும். ஒரு நாள் மாலைக்குள் முடியும் படத்துக்காக ஜூலையில் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் அரங்கில் பார்ப்பது என்றால் வீட்டுக்கு விட வேண்டியது 'டாய் ஸ்டோரி', சின்னத் திரையில் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. கடல் சின்னத் திரையில் சுருங்கிவிடும். பாட்டி வராத வீட்டுக்கு நான் 'டாய் ஸ்டோரி'யை முதலில் வைத்தது கதைக்காக, பாட்டி வருகிற வீட்டுக்கு வரிசை தலைகீழ்.

டிக்கெட் எடுக்குமுன் இங்குள்ள தரநிலையைப் பாருங்கள், அமெரிக்கத் தரநிலையை நம்பி முன்கூட்டியே எடுக்க வேண்டாம். 2022இல் 'டாய் ஸ்டோரி' குடும்பத்தைச் சேர்ந்த 'லைட்இயர்' இங்கே என்சி16 என்று தீர்மானிக்கப்பட்டது. ஓரினச்சேர்க்கைக் காட்சியைக் காரணம் காட்டி தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அப்படி வகுத்தது. என்சி16 சட்டப்படி கட்டாயம், பெற்றோர் கூட வந்தாலும் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள். பஸ் லைட்இயர் பொம்மையைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பிள்ளை பஸ் படத்துக்குப் போக முடியவில்லை. பிஜி13 அப்படியல்ல, அது அறிவுரைதான், முடிவு உங்கள் கையில்.

இருக்கை வரைபடம் திறந்ததும் எல்லோரும் நடு வரிசையை நோக்கி ஓடுகிறார்கள். மூட்டுவலிப் பாட்டியும் கழிவறைக்கு ஓடும் பிள்ளையும் உள்ள குடும்பம் நடைபாதை ஓரத்தை எடுக்க வேண்டும், முழங்கால்களைத் தாண்டி இருட்டில் இரண்டு முறை போய்வந்தால் காரணம் விளங்கும். குளிருக்கு ஒரு சால்வை. குட்டிப் பிள்ளைக்கு உயரத் திண்டு இருக்கிறதா என்று நுழைவாயிலில் கேளுங்கள், கேட்டால்தான் தருவார்கள். படம் விட்டு மாலுக்குள்ளேயே சாப்பிடலாம், ஆனால் பாட்டிக்கு இட்லிதான் வேண்டுமென்றால் சிராங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் திறந்திருக்கிறது.

ஆண்டிறுதிக்கு 'ஹெக்ஸ்ட்'. தாயும் வளரும் பிள்ளையும் மந்திரமும் என்று புதிதாக எழுதிய கதை, எந்தப் படத்துக்கும் பாகமில்லை. 'ராயா அண்ட் தி லாஸ்ட் டிராகன்' படத்தில் கதைப் பிரிவின் தலைவராக இருந்த தாய்லாந்துப் பெண் ஃபான் வீரசுந்தோர்ன் இயக்குநர்களில் ஒருவர். நவம்பர் 21 தொடங்கும் நீண்ட விடுமுறைக்கு இது பொருந்தும். ஆனால் டிசம்பர் 18 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' வந்தால் வீட்டுப் பெரிய பையன்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், ஆகவே நவம்பர் கடைசி வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

அதற்கப்பால் பார்ப்பவர்களுக்கு ஒரு தேதி. 'ஐஸ் ஏஜ்' அடுத்த பாகம் 2027 பிப்ரவரி 5 என்று அறிவித்திருக்கிறார்கள். மறுநாள் சீனப் புத்தாண்டு. முந்தைய மாலை அக்கம்பக்கத்துச் சீனக் குடும்பங்களெல்லாம் வீட்டில் கூடி உண்ணும் நேரம். சிட்டி ஸ்குவேரில் நடைபாதை ஓர இருக்கைகள் கிடைக்க அதைவிட நல்ல மாலை வாய்க்காது, அரங்கு திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.