இடவப்பாதியில் பெட்ரோலும் மண்ணெண்ணெயும்

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் செப்டம்பர் வரை ஈரம் விடாது. வண்டியிலும் கேனிலும் இருக்கும் எரிபொருளுக்குள் தண்ணீர் புகாமல் காப்பது இப்போதே செய்ய வேண்டிய வேலை. புகுந்தபின் செய்ய அதிகம் இல்லை. தெளியவைத்து மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் பெட்ரோலுக்கு இனி உதவாது. இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தாங்கும் அளவு மீறியதும் இரண்டும் சேர்ந்தே அடியில் இறங்கிவிடும். எஞ்சின் முதலில் இழுப்பது அந்த அடித்தண்ணீரைத்தான். மேலே மிஞ்சுவதோ எத்தனாலை இழந்து, ஆக்டேன் குறைந்த பெட்ரோல்.

எத்தனால் கூடும்போது தண்ணீரைத் தாங்கும் திறனும் கூடுமே என்று கேட்கலாம். உண்மைதான். அன்றாடம் ஓடும் வண்டியில் ஈரக்காற்றால் மட்டும் பெட்ரோல் சட்டென்று பிரிந்துவிடாது. பயப்பட வேண்டியது மழைத்தண்ணீருக்கு. பல பைக்குகளில் டேங்க் மூடியைத் திறந்தால் சுற்றியுள்ள பள்ளத்தில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை தெரியும். சேறு அதை அடைத்துவிட்டால் மழைத்தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கி, வெடித்த ரப்பர் வளையத்தின் வழியே சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். டேங்கின் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு, மெல்லிய நைலான் இழையால் அந்தத் துளையைச் சுத்தம் செய்யுங்கள், ரப்பரை மாற்றுங்கள். எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பக்கம் விலை குறைவு என்று கேனில் வாங்கி வீட்டில் சேர்த்து வைப்பவர்கள் இந்த மாதங்களில் அதை நிறுத்துவது நல்லது. தீ அபாயம் எப்போதும் உண்டு. பாதி காலியான கேனும் தளர்ந்த மூடியும் மழைக்காலத்தில் இன்னொரு கேட்டையும் சேர்க்கின்றன. வண்டி டேங்கை நிறைத்து வையுங்கள், போதும்.

தண்ணீரைத் தடுக்க வடிகட்டி இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. வடிகட்டியும் கைவிடலாம். 2010 ஏப்ரல் 13 அன்று சுரபாயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கத்தே பசிபிக் விமானத்தில் இரண்டு எஞ்சின்களுமே விமானிகளின் கட்டுப்பாட்டை மீறின. சுரபாயா விமான நிலையத்தின் எரிபொருள் குழாய்களில் உப்புநீர் கலந்திருந்தது. தண்ணீரை உறிஞ்ச வைத்திருந்த வடிகட்டிப் பொருளே அதனால் சிதைந்து, நுண்ணிய உருண்டைகளாக எரிபொருளோடு ஏறி எஞ்சினின் வால்வுகளைச் சிக்க வைத்தது. விமானம் அளவுக்கு மீறிய வேகத்தில் தரையிறங்க நேர்ந்தது. ஆகவே வடிகட்டி கடைசி அரண் மட்டுமே. விமானத் துறை அதை மட்டும் நம்புவதில்லை. டேங்கின் அடியிலிருந்து மாதிரி வடித்து, கண்ணாடிக் குடுவையில் பிடித்து, வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். எரிபொருள் கைமாறும் இடங்களில் மீண்டும் சோதிக்கிறார்கள். விமானத்துக்குரிய இந்தக் கெடுபிடி நமக்கு எதற்கு என்று தள்ளிவிட முடியாது. ஜெட் எரிபொருள் பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைதான். பொழியூர், பூவார் கரையில் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சினில் எரிவதும் மண்ணெண்ணெய்தான்.

ஆண்டுதோறும் ஜூன் ஒன்பதாம் தேதி நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்தத் தடை இல்லாத வள்ளங்கள் மழைக்காலக் கொந்தளிப்பிலும் கடலுக்குப் போகின்றன. கரையோர அலைகளுக்கு நடுவே எஞ்சின் நின்றால் வள்ளம் கவிழலாம், உயிரே போகலாம். மண்ணெண்ணெயிலும் டீசலிலும் தண்ணீர் கரையாமல் அடியில் தனியே தங்குவது ஒரு வசதி. கேனை இரவு முழுதும் அசைக்காமல் சாய்த்து வைத்து, விடிந்ததும் மேலிருந்து ஊற்றுங்கள். அடியில் தங்கியதைக் கேனிலேயே நிறுத்தி, பிறகு தனியே அகற்றுங்கள். அதை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் பரப்பில் பூஞ்சை வளர்ந்து, வழுவழுப்பான படலமாக வடிகட்டியை அடைக்கும். விமான டேங்குகளையும் அரிப்பது இதே வகைப் பூஞ்சைதான். கேனைக் கழுவினால் நன்றாகக் காயவைத்தே நிரப்புங்கள்.

எரிபொருள் நிரப்பிய சிறிது நேரத்தில் வண்டி திணறி நின்றால் கிக்கரை உதைத்துக்கொண்டே இருக்காதீர்கள். டேங்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, இரண்டு அடுக்காகப் பிரிகிறதா பாருங்கள். பிரிந்தால் முழுவதையும் வடித்துவிடுங்கள். பில்லையும் புட்டியையும் கொண்டுபோய் பங்கில் காட்டி, நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் காட்டும் பசை தடவிய அளவுகோலை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வடித்த பெட்ரோலை ஓடையிலோ கிணற்றருகிலோ ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.