நம்ம கடலுக்கு அடியில்

ஆரோவில் பக்கத்து இரும்பையில் ஏற்கெனவே ஒரு பெரிய நம்பிக்கை உண்டு: கடுவெளிச் சித்தரின் கோபத்தில் மாகாளேசுவரர் கோயில் லிங்கம் பிளந்தது என்பார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆரோவிலைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையையும் தாண்டினால் வருகிறதே கடல், அதைப் பற்றிப் பேசப்படுவதில்தான் எனக்குத் தகராறு.

நம்பிக்கை: ஸ்கூபா என்றால் அந்தமான் போகணும். இங்கே வெறும் கலங்கல் தண்ணீர்.

கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். அலை உடையுமிடத்தில் மணல் ஓயாமல் கிளறப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்பெண்ணையும் சங்கராபரணியும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டினால் கேட்கவே வேண்டாம். ஆனால் மழைக்காலம் ஓய்ந்தபின் புதுச்சேரியில் படகேறி, சில கிலோமீட்டர் உள்ளே போய் மூழ்குகிறவர்கள் பார்ப்பது வேறு கடல். மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைகளைச் சுற்றிக் களவா, சங்கரா, சீலா எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரியும். நாம் குழம்பில் மட்டுமே பார்த்தவை.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்ணப் பவளத் திட்டுகள் வேண்டுமென்றால் இந்தக் கடல் ஏமாற்றும். பவளப் பாறைகள் வளரத் தெளிந்த, உப்பு குறையாத, வெயில் இறங்கும் நீர் வேண்டும். இங்கே ஆறுகள் விடுவதில்லை. பவளம் பார்க்க அந்தமான்வரை போக வேண்டியதும் இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் இருக்கிறது. 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது.

நம்பிக்கை: மூழ்குகிறவர்கள் முதுகில் மாட்டுவது ஆக்சிஜன் சிலிண்டர், நீச்சல் தெரியாவிட்டால் மூழ்க முடியாது.

இரண்டும் தவறு. சிலிண்டரில் இருப்பது நாம் மூச்சு விடும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பே வரலாம். பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு 12 மீட்டருக்குள் இறக்கும் அறிமுக மூழ்கலுக்கு நீச்சல் கட்டாயமில்லை. சான்றிதழ்ப் படிப்புக்குத்தான் வேண்டும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்றும் இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். ‘மூச்சைப் பிடிக்காதே’ என்பதுதான் முதல் பாடம். காலையில் மூழ்கிவிட்டு மாலையில் சென்னையில் விமானம் ஏறுவதும் கூடாது. ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தாலும் குறைந்தது 12 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள்.

நம்பிக்கை: சுனாமிக்கு அப்புறம்தான் கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது.

2004-க்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டது. இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும்; வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் திரும்பும். 1989-இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பின. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே பட்டினி. புதுச்சேரி நகரம் கல்லைக் கொட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அரிப்பு அங்கிருந்து வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக் குப்பங்களுக்கு வந்து சேர்ந்தது. வீடு போனவர்களிடம் இயற்கைச் சீற்றம் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இழந்த மணலைத் திருப்பிக் கொடுத்தால் கரை திரும்பும் என்பதற்குச் சாட்சியும் உண்டு. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு எதிரே ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றைக் கடலில் இறக்கினார்கள், மணலையும் கொட்டினார்கள். வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் இன்று பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிறார்கள்.

நம்பிக்கை: மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, ஆமைகளுக்கு ஆபத்தில்லை.

பங்குனி ஆமைகள் முட்டையிட மணல் வேண்டும். கல் கொட்டிய கரையில் ஏற முடியாது. இன்னொன்று, ஆமை மீனல்ல, மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவலைக்குள் சிக்கினால் தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆமைகள் கூடுவதும் அதற்குள்தான். அவை முட்டையிட வருவது ஜனவரியிலிருந்து. தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15.