இடிபாட்டில் எழுந்த சிற்பவனம்

பழைய வீட்டை இடித்தபின் எஞ்சுவன யாவை? உடைந்த செங்கல், ஓட்டுத்துண்டு, விரிசல் கண்ட பீங்கான் தொட்டி, துருவேறிய கம்பி ஆகியனவே. இவற்றை ஊர்ப்புறத்துப் பள்ளத்திற் கொட்டி மறந்துவிடுகிறோம். அங்ஙனம் மறவாத ஒருவர் நேக் சந்த்.

இவர் 1924-ஆம் ஆண்டில், இன்று பாக்கிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபுப் பகுதிச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். 1947-இல் நாடு பிரிந்தபோது குடும்பத்தோடு ஊரைத் துறந்து இந்தியாவிற்கு வந்தார். பின்னர்ச் சண்டிகர் என்னும் புதிய தலைநகர் எழலாயிற்று. கட்டடக்கலை வல்லுநர் லெ கொர்புசியர் அதனை வகுத்தார். நகருக்கு இடம் வேண்டிச் சிற்றூர்கள் பல அகற்றப்பட்டன. சேத்தியாத்தோப்புப் பக்கத்து மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக ஊர்கள் பெயர்ந்த கதையை அவர்தம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பர்.

சண்டிகரில் நேக் சந்த் சாலை ஆய்வாளராகப் பணியாற்றினார். அப்பணி முடிந்தபின், இடிபாடுகளிற் பொறுக்கியவற்றை மிதிவண்டியில் ஏற்றிச் சுக்னா ஏரிக்கு அருகிலிருந்த காட்டுப் பள்ளத்திற் சேர்ப்பார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இவ்வேலை மறைவாகவே நடந்தது. பழைய மிதிவண்டிச் சட்டம் உருவத்திற்கு எலும்பாயிற்று. சிமிட்டிக் கலவை தசையாயிற்று. வளையற்சில்லும் பீங்கான் ஓடும் தோலாயின. மாந்தர், விலங்கு, பறவை என உருவங்கள் பெருகின. நம் கோயிற் சிற்பங்களின் நுட்பத்தை இவற்றில் தேடுதல் வீண். தனித்து நோக்கின் முகங்கள் கரடுமுரடானவையே. ஆயினும், நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நிற்கும்போது, பெயர்ந்துபோன ஊர்மக்களே திரும்பி வந்து நிற்பதுபோல் தோன்றும்.

1975-இல் அதிகாரிகள் இதனைக் கண்டனர். அரசுக் காட்டில் இசைவின்றிக் கட்டியது குற்றமே. இடித்துத் தள்ளச் சட்டத்தில் இடமிருந்தது. ஆனால், கண்டோர் வியந்தனர். மக்கள் ஆதரவு பெருகிற்று. 1976-இல் அது பொதுமக்கள் காணும் பாறைத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளத்தோடு தோட்டப் பொறுப்பும், துணைக்கு ஐம்பது தொழிலாளரும் அளிக்கப்பட்டனர். குற்றவாளியாக நிற்க வேண்டியவர், தம் குற்றத்திற்கே காவலராயினார்! 1984-இல் பத்மசிறீ விருதும் பெற்றார்.

தொல்லை அத்துடன் ஓயவில்லை. தோட்டத்தினூடே சாலை அமைக்க ஒருகால் முயற்சி எழுந்தது. நகரமக்கள் திரண்டு நின்று தடுத்தனர். நேக் சந்த் 2015-இல் மறைந்தார். 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மக்கள் எதிர்ப்பையும் மீறி, சாலையை அகலப்படுத்தும் பொருட்டுத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.