ஐயர் வருகிறார் என்று நீ விலகிவிடாதே

திருச்சி

கர்த்தருக்குள் அன்பான பாப்பாவுக்கு, அத்தை எழுதுவது.

உன் அம்மா நேற்று போனில் சொன்னாள். சபைக்குப் புது ஐயரும் முழுநேர ஊழியர் ஒருவரும் வருகிறார்களாம். "சம்பளத்துக்கு ஆள் வந்தாச்சு, இனி ஓய்வுநாள் பள்ளியை அவங்க பார்த்துக்கட்டும்" என்றாயாம். பேங்க் வேலை, கைக்குழந்தை, மாமியாருக்கு முழங்கால் வலி, எல்லாம் எனக்குத் தெரியாதா? முடிவு உன்னுடையது. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் 'சம்பளத்துக்கு ஆள்' என்ற அந்தப் பேச்சுதான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

உபதேசியாராக இருந்த உன் தாத்தா ஆயுசு முழுக்கக் கேட்ட பேச்சு அது. அவர் ஒரு புது ஊருக்கு மாற்றலாகிப் போன கதை உனக்குத் தெரியும்தான். மாட்டுவண்டி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுச் சாவி கமிட்டிப் பெரியவரிடம்; அவரோ வெளியூர்க் கல்யாணத்தில். உன் பாட்டி உன் அப்பாவை மடியில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். தெருவே நின்று பார்த்தது, ஒரு செம்புத் தண்ணீர் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வந்த முதல் ஆள் கேட்டார்: "உபதேசியாரே, ஏன் மணி அடிக்கல?" எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

1706 ஜூலையில் மிஷனரியாகத் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் ஐயருக்கும் நல்ல வரவேற்பு இல்லை. இரண்டு வருஷத்தில் டேனிஷ் தளபதி அவரை 4 மாதம் சிறையிலேயே போட்டார். அவராவது அந்நியர். நம் ராஜநாயக்கனுக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. தஞ்சை ராஜாவின் படையில் இருந்தவர், தரங்கம்பாடி அச்சில் வந்த சுவிசேஷத்தைப் படித்து நம் சபைக்கு வந்தார். வெள்ளைக்கார ஐயர்மார் நினைத்தபடி நுழைய முடியாத தஞ்சைச் சீமையில் ஊர் ஊராக நடந்து சபை வளர்த்தார். அவரைப்போல் ஊழியம் செய்த ஆரோனுக்கு 1733-இல் குருப்பட்டம், தியோகுவுக்கு 1741-இல். ராஜநாயக்கன் கையால் மேல்சாதிக்காரர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று பயந்து, ஐயர்மார் அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. கடைசிவரை உபதேசியாராகவே உழைத்தார். ஆகவே புதிதாக வருகிறவர்களிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று நம் ஆட்கள் துருவினால் நீ தடுக்க வேண்டும். பெரியவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

ஞானஸ்நானம் பெற்ற எல்லாருமே குருக்கள்தான் என்று லுத்தர் 1520-லேயே எழுதிவிட்டார். நாம் அதைச் சீர்திருத்த ஞாயிறன்று மட்டும் நினைக்கிறோம். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கிரேக்கமும் எபிரெயமும் தெரியலாம். மேலக்கால் ரோட்டில் எந்தச் சந்தில் எந்தப் பாட்டி படுக்கையில் கிடக்கிறாள், எந்த வீட்டுப் பையன் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்பது உனக்குத்தான் தெரியும். முதல் மாதம் நீ கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?

ஐயர் வீட்டுச் சாமான் லாரி வருமுன் குருமனையில் மோட்டார் ஓடுகிறதா, கேஸ் இருக்கிறதா என்று போய்ப் பார். சாவியைப் பூட்டிலேயே வைக்கச் சொல். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் விசாரித்து வை. மாலை, பொன்னாடை எல்லாம் கமிட்டிக்காரர்கள் போட்டுக்கொள்வார்கள்.

வகுப்பைப் பற்றி நீயே ஜெபித்து முடிவு செய். வாரம் ஒரு மணி நேரம்தானே, அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

ரொம்பப் பேசிவிட்டேனோ கண்ணு? நீ வகுப்பு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் என் தங்கம்தான். நம் குடும்பத்தில் உன்னைப்போல் யாருக்கும் பொறுமை கிடையாது, உன் தாத்தா இருந்திருந்தால் உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பார். சரியாகச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. குட்டிக்குச் சளி விட்டதா? வெள்ளிக்கிழமை மாமா மதுரைக்கு வருகிறார், முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிடுகிறேன். ஒரு டப்பா ஐயரம்மாவுக்கு. அதை நீயே கொண்டுபோய்க் கொடு.

உன் அத்தை