திறந்த மூல இயங்குதளங்களும் ஒருமித்த அமைவுக் கருவியும்

கணினியின் இயங்குதளம் தன்னை ஆள்வோரின் விருப்பத்துக்கு இயைந்து நடத்தற்பொருட்டு, அவர் எழுதிவைக்கும் விதிகளை அமைவுகள் என்கின்றோம். திரையில் எம்மொழி தோன்றவேண்டும், எவ்வட்டு எங்கே இணையவேண்டும் என்பன போன்றவை அவை. 1991ஆம் ஆண்டில் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட தளங்களில் இவ்விதிகள் பெரும்பாலும் 'ஈ.டி.சி.' என்னும் அடைவினுள் எளிய எழுத்துக் கோப்புக்களாக உள்ளன. கண்ணாற் படித்தறியத்தக்கன ஆதலின் இது பெருஞ் சிறப்பே.

குறை யாதெனின், கோப்புக்குக் கோப்பு இலக்கணம் வேறுபடுதலாம். பயனர் பெயர்க் கோப்பில் ஒரு வரியின் ஏழு கூறுகளை முக்காற்புள்ளி பிரிக்கும். வட்டுக்களின் அட்டவணையிலோ வெற்றிடமே பிரிக்கும். பின்னையதில் ஒரு வரி பிழைப்பின் கணினி தொடங்காது நின்றுவிடுதலுங் கூடும். அன்றியும், ஒரே செய்தி தளந்தோறும் இடம் மாறும். இலங்கைத் தமிழுக்குரிய மொழிக்குறியை எங்கே எழுதுவது? டெபியனில் நெடுங்காலம் 'டிஃபால்ட்' அடைவில். றெட் ஹற்றில் 'சிஸ்கொன்ஃபிக்' அடைவில் ஒரு கோப்பில். சூசேயில் அதே பெயருடைய அடைவில் மற்றொரு கோப்பில். 2010இல் தோன்றிய சிஸ்டம்டி இதற்கெனப் பொதுக் கோப்பொன்றை வகுத்தபின் இவ்வேற்றுமை பெரிதுங் குறைந்தது.

எல்லாவற்றையும் ஓரிடத்தே குவித்தால் என்ன எனின், 1995இன் விண்டோஸ் அவ்வாறே செய்தது. ஆயின் அதன் பதிவேடு சாதாரண எழுத்துத் தொகுப்பியாற் படிக்கத்தக்கதன்று. வெளிப்படையே உயிரான திறந்த மூலத்தார்க்கு அவ்வழி ஒவ்வாது.

சிக்கலின் கரு வேறோரிடத்தில் உள்ளது. கருவி தனக்கெனத் தனிக் குறிப்பேடு ஒன்றை வைத்து, அதிலிருந்து கோப்புக்களை எழுதுமாயின், நிருவாகி கையாற் செய்த திருத்தத்தை அழிக்கும். அழிக்க அஞ்சின் இரண்டும் முரண்பட்டு நிற்கும். இதற்கு ஓஜியஸ் என்னும் கருவி காட்டும் விடை எம்மைக் கவர்ந்தது. அது ஒவ்வொரு கோப்பின் இலக்கணத்தையும் 'வில்லை' என ஒன்றாக எழுதிவைத்து, அதன்வழிக் கோப்பை மரவடிவாகப் பகுக்கும். மாற்றியபின் பழைய வடிவத்திலேயே மீள எழுதும். நிருவாகி இடையிடையே எழுதிய விளக்கக் குறிப்புக்களும் அழியா. ஏடு பெயர்த்தெழுதுவோன் மூலத்தைத் திருத்தும்போது உரையைத் தொலைத்தல் எத்துணைக் கேடென்பதைத் தமிழ் கற்றோர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

நிக்ஸ்ஓஎஸ் மறுதலை வழியில் நடக்கும். அங்கே முழுத் தளத்தையும் ஓர் அறிவிப்பிலிருந்தே ஆக்குவர். பிழை நேரின் முந்திய நிலையைத் தெரிந்து தொடங்கலாம். இம்மீட்சி எக்கருவிக்கும் வேண்டற்பாலது. எனினும் மாணவன் முதலிற் புதியதொரு மொழியைக் கற்கவேண்டியிருத்தலால், தொடங்குவார்க்கு முன்னையதே ஏற்றதென்பது எம் துணிபு.

கருவி ஒன்றாயின் தமிழாக்கமும் ஒருமுறை போதும். தளந்தோறும் தனித்தனி அமைவுத் திரைகளை மொழிபெயர்க்கும் உழைப்பு மிச்சமாகும். ஆங்கிலம் தடையான மாணவனும் தன் கணினியைத் தானே ஆளலாம்.

ஆயினும் மென்பொருள் புதுக்கப்படுந்தோறும் அதன் கோப்பிலக்கணமும் மாறும். 1990களின் பிற்பகுதியில் றெட் ஹற்றோடு வழங்கப்பட்ட லினக்ஸ்கொன்ஃப் பின்னர் விடப்பட்டது. யாவற்றின் இலக்கணத்தையும் ஒரு சிறு குழுவே சுமத்தல் இயலாது. ஆதலின் ஒவ்வொரு மென்பொருளையும் ஆக்கியோரே அதற்குரிய வில்லையையும் எழுதி, அப்பொதியோடு சேர்த்தே வெளியிடுமாறு திட்டம் வகுத்தல் வேண்டும்.